மூன்று டெய்லர்கள்: ரொக் இசைக்குழுக்களின் விசித்திர ஒற்றுமைகள்

மலையகத்தில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் டெய்லர் என்ற பெயர் தெரியும். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர். இலங்கையில் வர்த்தகத் தேயிலை அவரிடமிருந்து தொடங்கியது என்று பாடப்புத்தகம் சொல்லும். காட்டை வெட்டிக் குழி தோண்டிய கைகள் யாருடையவை என்பதை எங்கள் வீட்டில் அப்பாயிதான் சொல்லித் தந்தார்.

பிறகு அதே பெயரை இசையில் சந்தித்தேன். அமெரிக்காவில் 1948இல் பிறந்த ஒரு ஜேம்ஸ் டெய்லர் இருக்கிறார், கிட்டாரோடு மெல்லிய குரலில் பாடுபவர். அதைவிட ஆச்சரியம் டுரான் டுரான் என்ற குழு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துக் குழு அது. 1982இல் இலங்கைக்கு வந்து, சிகிரியாவிலும் பொலன்னறுவையிலும் 'சேவ் எ பிரேயர்' பாடலுக்குப் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள். அந்தக் காலத்தில் குழுவில் ஐந்து பேர். அதில் மூன்று பேர் டெய்லர்: பேஸ் கிட்டார் (கனத்த கீழ்ச்சுரங்களை வாசிக்கும் கிட்டார்) ஜோன் டெய்லர், ட்ரம்ஸ் ரோஜர் டெய்லர், கிட்டார் அண்டி டெய்லர். மூவரும் அண்ணன் தம்பிகளா என்று கேட்டால், தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

இதோடு முடியவில்லை. குயின் குழுவின் ட்ரம்ஸ்காரர் பெயரும் ரோஜர் டெய்லர். அவர் பிறந்தது 1949 ஜூலை 26. டுரான் டுரானின் ரோஜர் டெய்லர் பிறந்தது 1960 ஏப்ரல் 26. பெயர் ஒன்று, வாத்தியம் ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று.

என் தம்பி கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் ஓர் இசைக்குழுவில் ட்ரம்ஸ் அடிக்கிறான். இதைச் சொன்னதும், "இதுல ஏதோ இருக்கு அக்கா" என்றான். அவனுக்குச் சொன்ன பதிலை விரித்து எழுதியதுதான் இந்தக் கட்டுரை. ரொக் உலகத்தில் இப்படிப்பட்ட விசித்திரச் செய்திகள் கொட்டிக் கிடக்கின்றன. சிலவற்றுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. சிலவற்றை அந்தக் கலைஞர்களே திட்டமிட்டுச் செய்தார்கள். இன்னும் சிலவற்றுக்குப் பின்னால் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்த இசையே வேறு மாதிரிக் கேட்கும்.

முதலில், ரொக் இசைக்குழு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாம் திரைப்பாடலில் வளர்ந்தவர்கள். அங்கே மெட்டுப் போடுபவர் ஒருவர், பாட்டு எழுதுபவர் இன்னொருவர், பாடுபவர் மூன்றாமவர். ரொக் குழுவில் அநேகமாக நான்கைந்து பேர் சேர்ந்து தாங்களே எழுதி, தாங்களே வாசித்து, தாங்களே பாடுகிறார்கள். பெயர் பொது. காமன் கூத்தில் காமனும் ரதியும் தூதுவனும் ஒரே தோட்டத்து ஆட்களாக இருப்பது போல, ஆட்டம் முழுவதும் அந்தச் சிறு கூட்டத்துக்குள்ளேயே நடக்கிறது. அதனால்தான் ஒருவர் விலகினால் குடும்பம் பிரிந்த மாதிரி ரசிகர்கள் கலங்குகிறார்கள். இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: முன்னால் நின்று பாடுபவர்தான் பாட்டை எழுதியவர் என்று நினைக்கக் கூடாது. த ஹூ குழுவில் பாடியவர் ரோஜர் டால்ட்ரி, பெரும்பாலான பாடல்களை எழுதியவர் கிட்டார் வாசித்த பீட் டவுன்ஷெண்ட். ஒயேசிஸ் குழுவில் தம்பி லியாம் பாடினார், பாடல்களில் பெரும்பகுதியை எழுதியவர் அண்ணன் நோயல்.

இப்போது டெய்லர்களுக்கு வருவோம். ஆங்கிலத்தில் டெய்லர் என்றால் தையற்காரர். பழைய இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் தையற்காரர் இருந்தார்கள், தொழிலே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. இன்றும் அங்கே மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் அது ஒன்று. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் முன்னெழுத்து. அதனால் மூன்று பேருக்கு ஒரே பெயர் என்றதும் நாம் உறவு தேடுகிறோம். இதையே எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் மலையில் கொழுந்து எடுத்தவர்களில் எத்தனை லெட்சுமி! கங்காணி 'மேல்லயத்து லெட்சுமி', 'கீழ்லயத்து லெட்சுமி' என்று பிரித்துத்தான் கூப்பிடுவார். யாரும் அதை விந்தை என்று சொன்னதில்லை. எல்லாரும் வைக்கும் பெயர், அதனால் எங்கும் இருக்கிறது.

பிறந்த தேதிக்கும் இதே கதைதான். ஓர் அறையில் இருபத்து மூன்று பேர் இருந்தால், அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வர ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு உண்டு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அந்த வாய்ப்பு நூற்றுக்கு எண்பத்தொன்பது ஆகிவிடும். நம்பமுடியாமல் இருக்கும். 'எனக்கும் இன்னொருவருக்கும்' என்று நாம் யோசிப்பதால் வரும் தடுமாற்றம் அது. கணக்கு பார்ப்பதோ எல்லாச் சோடிகளையும். இருபத்து மூன்று பேரில் 253 சோடிகள் இருக்கின்றன. ரொக் வரலாற்றில் எத்தனை ஆயிரம் கலைஞர்கள், எத்தனை கோடிச் சோடிகள் என்று யோசித்துப் பாருங்கள். மாதத்தை விட்டுவிட்டு 26ஐ மட்டும் எடுத்துக்கொண்டது நான்தானே? பொருத்தம் தேடிப் போகிறவருக்குப் பொருத்தம் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும்.

தற்செயலில் எனக்கு மிகப் பிடித்தது சீசீ டொப் குழு. மூன்று பேர். இரண்டு பேருக்கு நெஞ்சு வரை தாடி, அதுதான் அவர்களின் அடையாளமே. தாடி வளர்க்காத மூன்றாமவர் ட்ரம்ஸ்காரர், பெயர் பிராங்க் பியர்ட். ஆங்கிலத்தில் பியர்ட் என்றால் தாடி. பெற்றோர் வழியாக வந்த அவருடைய சொந்தப் பெயர் அது.

அடுத்து, திட்டமிட்டுச் செய்தவை. நியூயோர்க்கின் ரமோன்ஸ் குழுவில் எல்லாருக்கும் கடைசிப் பெயர் ரமோன். ஒருவருக்கொருவர் இரத்த உறவில்லை. பீட்டில்ஸ் குழுவின் போல் மெக்கார்ட்னி ஒரு காலத்தில் 'போல் ரமோன்' என்று புனைபெயர் வைத்திருந்தார். அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். வைட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ஜாக், மெக் இருவரும் தங்களை அண்ணன் தங்கை என்று சொல்லி வந்தார்கள். உண்மையில் அவர்கள் மணமுடித்துப் பிரிந்தவர்கள், ஜாக்தான் மெக்கின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்.

ஆள் பெயர் போலத் தெரியும் குழுப் பெயர்கள் புதிதாகக் கேட்பவரை நிச்சயம் குழப்பும். ஜெத்ரோ டல் என்று குழுவில் யாரும் இல்லை. அவர் 1701இல் விதை விதைக்கும் கருவியை உருவாக்கிய ஆங்கிலேய விவசாயி. லினர்ட் ஸ்கினர்ட் என்ற பெயர், நீளமுடி வைத்த பையன்களைக் கண்டித்த ஓர் உடற்பயிற்சி ஆசிரியரின் பெயரை எழுத்து மாற்றி எழுதியது. பிங்க் புளோயிட் இரண்டு அமெரிக்க புளூஸ் கலைஞர்களின் பெயர்கள்: பிங்க் அண்டர்சன், புளோயிட் கவுன்சில். குழுவின் முதல் பாடகர் சிட் பாரட் இரண்டையும் சேர்த்து ஒட்டினார். இந்த மூன்றாவதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கும். கறுப்பினக் கலைஞர்கள் அந்த இருவரும். அவர்களின் பெயரை உலகமே உச்சரிக்கிறது, அவர்கள் பாட்டைக் கேட்டவர்களோ மிகக் கொஞ்சம். நேரம் கிடைத்தால் பிங்க் அண்டர்சனின் பாட்டு ஒன்றைத் தேடிக் கேளுங்கள்.

மோட்டர்ஹெட், மொட்லி குரூ போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது உயிரெழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி வைப்பார்கள். தமிழில் மேலே புள்ளி வைத்தால் உயிரொலி அடங்கும். ஜெர்மன் மொழியில் இரட்டைப் புள்ளி ஒலியை மாற்றும். இந்தக் குழுக்களின் பெயரில் அது எதையும் மாற்றுவதில்லை, பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்க வேண்டும் என்பதற்காக வைத்தது, அவ்வளவுதான்.

ஏசி டிசி பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாடசாலையில் ஆடலோட்டம், நேரோட்டம் என்று படித்தோமே, அதுதான் பெயர். கிட்டார் வாசித்த யங் சகோதரர்களின் அக்கா தையல் மெஷினில் அந்த எழுத்துகளைப் பார்த்துச் சொன்னாராம். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து 1963இல் அவுஸ்திரேலியாவுக்குப் பிழைக்கப் போன குடும்பம் அது. காசல்ரீயும் மவுசாக்கலையும் லக்சபானவும் சுற்றியிருக்க மின்சாரத்தை அணைக்கட்டாகவே பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அந்தப் பெயர் கேட்டவுடன் ஒட்டிக்கொண்டது.

இனி, காரணம் உள்ள ஒற்றுமைகள். இவற்றுக்காகத்தான் நான் இந்த இசையைத் தொடர்ந்து கேட்கிறேன்.

மூன்று பேர் மட்டுமே உள்ள குழுக்களைப் பாருங்கள். கிரீம் குழுவில் ஜாக் புரூஸ், பொலிஸ் குழுவில் ஸ்டிங், ரஷ் குழுவில் கெடி லீ, மோட்டர்ஹெட்டில் லெம்மி. நால்வரும் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடியவர்கள். ஆள் குறைந்தால் கிட்டார் தனியே ஓடி இடத்தை நிரப்ப வேண்டும், பாட்டுக்கு நடுவில் கிட்டார்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால் பாடும் வேலை பேஸ் பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜிமி ஹென்றிக்ஸ், நிர்வாணா குழுவின் கேர்ட் கோபேன் இருவரும் மூவர் குழுவில் கிட்டார் வாசித்தபடியே பாடினார்கள். பாதி ஒற்றுமை என்று வைத்துக்கொள்வோம்.

கெடி லீயின் பெயரில் ஒரு கதை இருக்கிறது. அவருடைய உண்மையான பெயர் கேரி. போலந்திலிருந்து நாசிகளின் வதை முகாம்களைத் தாண்டிக் கனடாவுக்கு வந்த அவருடைய அம்மா, தன் உச்சரிப்பில் 'கெடி' என்றே கூப்பிட்டார். மகன் அதையே பெயராக்கிக்கொண்டார். என் அப்பாவின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருக்கிறது. அவர் சொன்னது ஒன்று, எழுதியவர் காதில் விழுந்தது வேறு. அதைத் திருத்த நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. அம்மாவின் நாக்கில் பிறந்த ஒரு பெயரை ஒருவர் பெருமையோடு மேடையில் வைத்துக்கொண்டார் என்று படித்த அன்று கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அதே குழுவில் பெரும்பாலான பாடல் வரிகளை எழுதியவர் ட்ரம்ஸ் வாசித்த நீல் பியர்ட்.

ட்ரம்ஸ் அடித்துக்கொண்டே பாடுவது எவ்வளவு கஷ்டம் என்பதைத் தம்பியிடம் கேட்டால் தெரியும். இரண்டு கை, இரண்டு கால், நான்குக்கும் நான்கு கணக்கு. அதற்கு மேல் பாட்டின் மூச்சு இன்னொரு கணக்கில் ஓட வேண்டும். ஈகிள்ஸ் குழுவின் டொன் ஹென்லி 'ஹோட்டல் கலிபோர்னியா'வை அப்படித்தான் பாடினார். ஜெனிசிஸ் குழுவின் கதை வேறு. 1975இல் பாடகர் பீட்டர் கேப்ரியல் விலக, புதிய பாடகரைத் தேடி அலுத்து, கடைசியில் ட்ரம்ஸ்காரர் பில் கொலின்ஸே பாடினார். மேடையில் அவர் முன்னால் வந்து நிற்க, பின்னால் ட்ரம்ஸ் அடிக்க வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1985 ஜூலை 13இல் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் அதே கொலின்ஸ் இலண்டனில் பாடி முடித்து, கொன்கோர்ட் விமானத்தில் அத்திலாந்திக்கைத் தாண்டி, அன்றைக்கே பிலடெல்பியாவிலும் மேடை ஏறினார். நிர்வாணாவின் ட்ரம்ஸ்காரர் டேவ் குரோல், கோபேன் இறந்த பிறகு பூ பைட்டர்ஸ் என்ற பெயரில் முதல் இசைத்தட்டை ஏறக்குறைய எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்துப் பதிவு செய்தார். பன்மையில் பெயர் வைத்ததால் அது ஒரு குழு என்றே உலகம் எடுத்துக்கொண்டது.

பிரெடி மெர்க்குரியையும் இங்கே சேர்க்க வேண்டும். சன்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, மகாராஷ்டிராவின் பஞ்ச்கனி என்ற மலைநாட்டு ஊரில் விடுதிப் பள்ளியில் படித்தவர் அவர். அங்கே பையன்கள் 'த ஹெக்டிக்ஸ்' என்று ஒரு குழு வைத்தார்கள். அதில் இவர் பியானோ வாசித்தார், முன்னணிப் பாடகர் வேறொரு பையன். குளிரும் மலைப்பாதையும் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைதான் பிற்காலத்தில் குயின் குழுவின் குரல்.

பாடகர்கள் குழு மாறுவதிலும் ஒரு வலைப்பின்னல் இருக்கிறது. டீப் பர்ப்பிள் என்றால் அடர் ஊதா. அதிலிருந்து பிரிந்த கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் தொடங்கியது ரெயின்போ, அதாவது வானவில். பாடகர் டேவிட் கவர்டேல் தொடங்கியது வைட்ஸ்நேக், வெள்ளைப் பாம்பு. வானவில்லில் பாடிய ரொனி ஜேம்ஸ் டியோ பிறகு பிளாக் சபத்துக்குப் போனார், அது கறுப்பு. ஊதாவில் பாடிய இயன் கில்லனும் கிளென் ஹியூசும்கூட ஆளுக்கொரு இசைத்தட்டு கறுப்புக்குப் பாடினார்கள். நிறங்கள் பொருந்தியது தற்செயல். ஆட்கள் மாறியதற்குக் காரணம் உண்டு: அந்த வகை இசையை அந்த உயரத்தில் பாடக்கூடியவர்கள் அன்று சிலரே, அவர்களுக்குள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இங்கே ஒரு குழுவில் கீபோர்ட் வாசிப்பவர் அடுத்த கிழமை இன்னொரு குழுவோடு வேறு தோட்டத்துத் திருவிழாவில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இருபத்தேழு வயதுக் கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். பிரயன் ஜோன்ஸ், ஹென்றிக்ஸ், ஜனிஸ் ஜொப்ளின், ஜிம் மொரிசன், கோபேன், ஏமி வைன்ஹவுஸ், எல்லாரும் இருபத்தேழு வயதில் இறந்தவர்கள். ஜோன்சும் மொரிசனும் இறந்த தேதிகூட ஒன்று, ஜூலை 3, இரண்டு ஆண்டு இடைவெளியில். நமக்கு நட்சத்திரங்களும் இருபத்தேழு என்பதால் முடிச்சுப் போடுவதும் எளிது. 2011இல் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த இசைத்தட்டுகளின் கலைஞர்கள் 1,046 பேரை எடுத்து எண்ணிப் பார்த்தது. இருபத்தேழில் எந்த உச்சமும் இல்லை. இருபதுகளிலும் முப்பதுகளிலும் கலைஞர்களின் இறப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது மட்டும் தெரிந்தது. என் பார்வையில் கவலைப்பட வேண்டியது அதுதான். ஓர் எண்ணைச் சுற்றிக் கதை கட்டும்போது, இருபத்தைந்திலும் முப்பத்திரண்டிலும் போனவர்கள் கணக்கில் வராமல் போகிறார்கள்.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றிலும் பெரியதாகத் தோன்றும் ஒன்று. டுரான் டுரானின் அதே பர்மிங்ஹாம் நகரம், அதற்குப் பத்தாண்டுக்கும் மேலாக முந்தைய காலம். பின்னாளில் பெயர்பெற்ற கிட்டார்காரரான டோனி அயோமிக்கு அப்போது பதினேழு வயது, தகட்டுத் தொழிற்சாலையில் வேலை. இசைக்குழுவோடு போவதற்காக வேலையை விடப் போகிறார், அன்றுதான் கடைசி நாள். இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் எடுத்துவிட்டது. அவர் இடது கைக்காரர். அதனால் கிட்டாரின் தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்றார்கள். தொழிற்சாலையின் மேலாள் அவரிடம் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. தீயில் கை கருகி, இரண்டு விரல் வழங்காத நிலையில் வாசித்த கிட்டார் மேதை அவர்.

அயோமி பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்தார், மேலே தோல் ஒட்டினார். மெல்லிய தந்திகளைப் போட்டார். பிறகு தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார், அழுத்துவது இலேசாகும் என்பதால். அந்தத் தளர்வில் ஓசை கனத்தது. பின்னால் எத்தனையோ குழுக்கள், விரல் எல்லாம் முழுதாக உள்ளவர்களும், அதேபோல் சுருதியை இறக்கி வாசித்தார்கள். ஹெவி மெட்டல் என்ற கனத்த ஓசை ரொக் குழுக்கள் ஏன் இவ்வளவு கீழே சுருதி வைக்கின்றன என்ற கேள்விக்கான பதிலில் ஒரு தொழிலாளியின் வெட்டுப்பட்ட விரலும் இருக்கிறது.

எங்கள் பெரியப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், ரோலரில் இடது கை விரல் இரண்டைக் கொடுத்தவர். அதற்குப் பிறகும் தப்பு அடித்தார். மெல்லிய நீளக் குச்சியைப் பிடிக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டார். அந்தக் குச்சியின் அடி ஒரு நூல் பிந்தி விழும். லயத்துக்குள் படுத்திருந்தாலும், அடிப்பது பெரியப்பாதான் என்று தெரிந்துவிடும். தோட்டத்தில் அவருக்குப் பிறகு தப்பு பழகிய பையன்களும் அப்படிப் பிந்தித்தான் அடித்தார்கள்.

எதைக் கேட்டுத் தொடங்குவது என்று தம்பி கேட்டான். அயோமியின் குழுதான் பிளாக் சபத். அவர்களுடைய முதல் இசைத்தட்டு 1970 பெப்ரவரி 13இல் வந்தது, ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்தது. பாடியவர் ஒஸி ஒஸ்போர்ன். 2025 ஜூலை 5இல் சொந்த ஊரான பர்மிங்ஹாமிலேயே கடைசி நிகழ்ச்சியைப் பாடி, பதினேழு நாளில் கண்மூடினார். அந்த இசைத்தட்டின் முதல் பாட்டு மழையோடு தொடங்கும், இடி இடிக்கும், தூரத்தில் ஒரு மணி அடிக்கும். பிறகு கிட்டாரில் மூன்றே சுரம்: ஆதார ச, மேல் ச, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம். ஐரோப்பாவில் அந்த இடைவெளியைப் பிசாசின் சுரம் என்று சொல்லியிருக்கிறார்கள். நமக்கு அது கல்யாணியில் வரும் சுரம்தான். ஆனால் அயோமி அதைத் தனியே நிறுத்தி நடுங்க விடும்போது வேறொன்றாகிவிடுகிறது.

நாங்கள் கேட்டது ஆடி மாதத்தில், தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்த இரவில். முதல் அரை நிமிடம் எது பாட்டின் மழை, எது எங்கள் மழை என்று பிரிக்க முடியவில்லை. கிட்டார் விழுந்ததும் தம்பி கையை நீட்டி, இடது கை இரண்டு விரலை மடக்கிக்கொண்டு, தொடையில் தாளம் தட்டிப் பார்த்தான்.